தோட்டக்கலை படிக்க எங்கே சேர்ப்பது? கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பண்ருட்டிக்கும் காடாம்புலியூருக்கும் நடுவில் சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். பலா, முந்திரி, மா ஒட்டுச்செடிகள்தான் பிரதானம். படித்ததும் தோட்டக்கலைதான். ஒவ்வொரு மே மாதமும் ரோட்டோரம் பலாப்பழம் குவிகிற அதே வாரத்தில் பிளஸ் டூ ரிசல்ட்டும் வந்துவிடும். செடி வாங்க வருகிறவர்கள் பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, "பையனை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். ஒரே பதிலை முப்பது பேருக்குத் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

தோட்டக்கலை என்றால் பூச்செடி வளர்ப்பதுதானே? அதற்கு 4 வருஷம் படிக்க வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு முந்திரித் தோப்புக்காரர் என்பதுதான் வேடிக்கை. அவர் செய்வதே தோட்டக்கலைதான்.

பழங்கள், காய்கறிகள், பூக்கள், மஞ்சள், மிளகு போன்ற நறுமணப் பயிர்கள், முந்திரி, தென்னை, காபி போன்ற மலைத்தோட்டப் பயிர்கள், மூலிகைகள், அறுவடைக்குப் பிறகு அவை அழுகாமல் பார்த்துக்கொள்ளும் நுட்பம் எல்லாம் இதில் வரும். பூங்கா, புல்தரை அமைப்பதும் உண்டு. நம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: பண்ருட்டிப் பலா, விருத்தாசலம் பக்கம் முந்திரி, ராமாபுரம் பக்கம் வாழை. பாலூரில் ஒரு காய்கறி ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. 'பாலூர் 1' என்று பலாவில் ரகம் வெளியிட்டார்கள்.

படிப்பு 4 ஆண்டு, 8 செமஸ்டர். பயிர்களோடு மண்ணியல், பூச்சியியல், பயிர் நோயியல், மரபியல், பொருளாதாரம் எல்லாம் படிக்க வேண்டும். கடைசி ஆண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்யும் ஊரகப் பணி அனுபவம் என்று ஒரு பகுதியும் உண்டு.

பி.எஸ்சி. வேளாண்மையா, பி.எஸ்சி. தோட்டக்கலையா? எதை முதலில் போடுவது?

அரசு வேலை மட்டும்தான் குறி என்றால் வேளாண்மைப் பட்டத்துக்குக் கதவுகள் அதிகம். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. வேளாண்மையில் நெல், கரும்பு, பயறு, எண்ணெய்வித்து எல்லாம் விரிவாகவும், தோட்டக்கலை ஒரு பங்காகவும் வரும். தோட்டக்கலைப் பட்டத்தில் அந்த ஒரு பங்கே முழுச் சாப்பாடு.

சொந்தமாக நர்சரி, பழத்தோட்டம், பூங்கா அமைப்பு, காய்கறி விதை நிறுவனம் என்று மனம் போகிறவர்களுக்குத் தோட்டக்கலைதான் சரி. மேற்படிப்பில் பழவியல், காய்கறியியல், மலரியல் மற்றும் நிலஎழில் (பூங்கா, புல்தரை அமைப்பு) என்று நேராகப் போகவும் இதுவே வசதி. இரண்டில் எதுவானாலும் பரவாயில்லை என்றால், எந்தப் படிப்பு என்பதை விட எந்தக் கல்லூரி என்பதைத்தான் பார்க்கச் சொல்வேன். நல்ல கல்லூரியில் இரண்டாவது விருப்பப் பாடம் கிடைத்தால், சுமாரான கல்லூரியில் கிடைக்கும் முதல் விருப்பத்தை விட அது மேல்.

நம் பக்கத்தில் எந்தெந்தக் கல்லூரிகள் இருக்கின்றன?

மிக அருகில் இருப்பது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929இல் தொடங்கியது. அதன் வேளாண் புலத்தில் வேளாண்மை, தோட்டக்கலை இரண்டுக்கும் இளநிலைப் பட்டம் உண்டு. "அது தனியார்தானே?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை. 2013இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதற்காக, அரசுப் பல்கலைக்கழகம் என்ற ஒரே காரணத்தால் கட்டணமும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உள்ள அளவுதான் என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். அந்தந்த ஆண்டுக்கான இரண்டு கட்டண அட்டவணைகளையும் அச்செடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம் என்பதால் ஹாஸ்டல் செலவு மிச்சமாகுமா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்து, கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். தோட்டக்கலைக்கென்றே அதற்கு நான்கு உறுப்புக் கல்லூரிகள் உள்ளன: கோவை வளாகத்தில் ஒன்று, தேனி மாவட்டம் பெரியகுளத்தில் ஒன்று, திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் பெண்களுக்கு மட்டும் ஒன்று, கிருஷ்ணகிரி மாவட்டம் ஜீனூரில் ஒன்று. நமக்குக் கிட்ட இருப்பது திருச்சி. பெரியகுளம் தூரம்தான். ஆனால் மலையடிவாரம், மா, வாழை, திராட்சை என்று சுற்றிலும் தோட்டப்பயிர். தூரத்தைப் பார்த்துப் பயந்து அதைப் பட்டியலில் கீழே தள்ளாதீர்கள்.

இது தவிர வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரிகள் பல இருக்கின்றன. அதே பாடத்திட்டம், அதே பல்கலைக்கழகப் பட்டம். இடங்களில் ஒரு பகுதி அரசுக் கவுன்சலிங் வழியாகவும், மீதி நிர்வாக ஒதுக்கீட்டிலும் நிரப்பப்படும். கட்டணத்தில்தான் பெரிய வித்தியாசம்.

நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். எங்களுக்கு என்ன வழி?

உங்களுக்கு முதல் வாசல் சென்டாக். புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பு. அதன் வழியாகக் கிடைப்பது காரைக்கால் செருமாவிலங்கையில் உள்ள பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரி. 1987இல் தொடங்கிய அரசு நிறுவனம். பெயர் வாங்கியது வேளாண்மைப் பட்டத்துக்கு. இந்த ஆண்டு எந்தெந்தப் படிப்பு, எத்தனை இடம் என்பதை சென்டாக் தகவல் குறிப்பேட்டில் பாருங்கள். அங்கே வேளாண்மை கிடைத்தால், "தோட்டக்கலை இல்லையே" என்று விட்டுவிட்டுத் தனியாரில் லட்சக்கணக்கில் கட்ட ஓடாதீர்கள். வேளாண்மை முடித்துவிட்டு முதுநிலையில் தோட்டக்கலைக்கு வந்தவர்கள் நிறையப் பேர்.

இரண்டாவது வாசல் தேசிய ஒதுக்கீடு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

எல்லைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. கன்னியக்கோவில் ஒரு பக்கம், ரெட்டிச்சாவடி ஒரு பக்கம். வீடு தமிழ்நாட்டில், பள்ளிக்கூடம் புதுச்சேரியில் என்று எத்தனையோ பிள்ளைகள். தெருவுக்குத் தெரு மாநிலம் மாறுகிற ஊர் இது. கவுன்சலிங்கில் கேட்பது உங்கள் வீட்டு விலாசத்தை மட்டும் அல்ல, இருப்பிடச் சான்றிதழை. எந்த மாநிலத்துச் சான்றிதழ் உங்களுக்குக் கிடைக்கும் என்பதை ரிசல்ட் வருவதற்கு முன்பே தாலுகா ஆபீஸில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் அங்கே நிற்கிற கூட்டத்தில் நீங்களும் போய் நிற்க வேண்டாம்.

கட் ஆஃப் எப்படிப் போடுகிறார்கள்? நீட் எழுத வேண்டுமா?

நீட் வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண்தான்.

வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நான்கு பாடங்களையும் தலா 50க்குக் குறைத்து 200க்குக் கூட்டுவார்கள். இயற்பியல் 80, வேதியியல் 84, உயிரியல் 88, கணிதம் 76 என்று ஒரு பிள்ளை வாங்கியிருந்தால் 40, 42, 44, 38. மொத்தம் 164. பொறியியலில் கணிதத்துக்கு மட்டும் 100 என்று இருப்பதால் அந்தக் கட் ஆஃபையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இங்கே நான்கும் சமம்.

சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கும் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண்ணைச் சமன் செய்த பிறகுதான் ரேங்க் பட்டியல் வரும். அதனால் வீட்டில் போட்ட கணக்கும் பட்டியலில் வரும் எண்ணும் கொஞ்சம் மாறலாம்.

பொதுவாக உயிரியல், அல்லது தாவரவியலும் விலங்கியலும் படித்தவர்களுக்குத்தான் தோட்டக்கலை. கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள் வேளாண்மைப் பொறியியல் மாதிரி பி.டெக். படிப்புகளைப் பார்க்கலாம். தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் அறிவியல் படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அது தெரியாமலேயே விண்ணப்பிக்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு கல்லூரி நல்லதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காகிதம். அப்புறம் மண்.

காகிதத்தில் பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? அந்தப் படிப்புக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின், அதாவது ஐ.சி.ஏ.ஆரின், அங்கீகாரம் உண்டா, எந்த ஆண்டு வரை? வெளிமாநிலத்தில் முதுநிலை சேரப் போகும்போதும், ஐ.சி.ஏ.ஆர். உதவித்தொகைக்கு எழுதும்போதும் இந்த அங்கீகாரம் இல்லாத பட்டம் கழுத்தில் கல்லாகிவிடும். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்ற பதில் வந்தால், வந்த பிறகு சேர்கிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இன்னொன்று: கலை அறிவியல் கல்லூரியில் இருக்கும் தாவரவியல் பட்டமும் தோட்டக்கலைப் பட்டமும் ஒன்றல்ல. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று நம்பிவிடாதீர்கள்.

காகிதம் சரி என்றால், கல்லூரிக்கு நேரில் போங்கள். ஒரு வேலைநாளில், காலையில். சொல்லிவிட்டுப் போகாதீர்கள். வரவேற்பறைக்கும் கண்ணாடிக் கட்டடத்துக்கும் முன்பு நர்சரி எங்கே என்று கேட்டு அங்கே நடங்கள்.

என் கண்ணுக்கு முதலில் படுவது தாய்மரங்கள். ஒட்டுக்குச்சி எடுக்க மா, பலா, முந்திரி, கொய்யா, சப்போட்டாவில் சொந்தமாகத் தாய்மரம் வைத்திருக்கிறார்களா, மரத்தில் ரகத்தின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தாய்மரம் இல்லாத தோட்டக்கலைக் கல்லூரி, அடுப்பு இல்லாத சமையல் கல்லூரி. அப்புறம் நிழல்வலைக் குடிலுக்குள் எட்டிப் பாருங்கள். உள்ளே செடி இருக்க வேண்டும். வலை கிழிந்து தொங்க, உள்ளே உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லூரியின் விளம்பர நோட்டீஸில் அதே குடில் பச்சைப் பசேல் என்று இருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மே மாதத்தில் கிணறு காய்ந்து கிடந்தால் கோடைப் பயிருக்கான பிராக்டிகல் கரும்பலகையில்தான் நடக்கும்.

கடைசியாக, ஒரு மூன்றாமாண்டு மாணவரைத் தனியாகப் பிடித்து இதைக் கேளுங்கள்: "தம்பி, இதுவரை உன் கையால் எத்தனை ஒட்டுக் கட்டியிருக்கிறாய்? அதில் எத்தனை பிழைத்தது?" முழிக்கிறாரா, சிரித்துக்கொண்டே "இருபது கட்டினேன், ஆறு பிழைத்தது சார்" என்கிறாரா என்று பாருங்கள். ஆறு பிழைத்தது கேவலமில்லை. கணக்கு வைத்திருக்கிறார் பாருங்கள், அதுதான் கல்லூரி.

நான் இதை ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்கிறேன் என்றால், என்னிடம் வேலை கேட்டு வரும் பட்டதாரிகளிடம் சான்றிதழை வாங்குவதற்கு முன்பு ஒட்டுக் கத்தியைத்தான் கொடுப்பேன். முந்திரியில் இளந்தண்டு ஒட்டு. 45 முதல் 60 நாள் வயதுள்ள வேர்ச்செடி, அதே பருமனில் ஒட்டுக்குச்சி. வேர்ச்செடியின் நுனியை வெட்டி நடுவில் பிளந்து, குச்சியை ஆப்பு மாதிரி இருபுறமும் சீவிச் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுகச் சுற்ற வேண்டும். பழகிய கைக்கு ரெண்டு நிமிஷ வேலை. ஒருமுறை வந்த பையன் முதல் வகுப்பில் தேறியவன். கத்தியைத் தலைகீழாகப் பிடித்தான். "மேடம் செஞ்சு காட்டினாங்க சார், நாங்க அறுபது பேரு சுத்தி நின்னு பார்த்தோம்" என்றான். பையன்மேல் தப்பே இல்லை. அவன் அப்பா கட்டிய பணத்தை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. இப்போது அவனே என்னிடம் நாளொன்றுக்கு இருநூறு ஒட்டுக் கட்டுகிறான், அது வேறு கதை.

செலவு எவ்வளவு ஆகும்? எது மலிவு?

கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் தொகையை இங்கே எழுதப் போவதில்லை. கணக்குப் போடும் விதத்தைச் சொல்கிறேன்.

எல்லோரும் கேட்பது டியூஷன் பீஸ் மட்டும். அரசுக் கல்லூரியில் பையைக் கரைப்பது அது அல்ல, சாப்பாடு. மெஸ் பில் மாதம் 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குப் பத்து மாதம், நான்கு ஆண்டில் 1,60,000 ரூபாய். இதோடு ஹாஸ்டல் வாடகை, ஆய்வகக் கட்டணம், தேர்வுக் கட்டணம், கல்விச் சுற்றுலா, கிராமத்தில் தங்கும் மாதங்களின் செலவு. பஸ் கட்டணத்தையும் விட்டுவிடாதீர்கள். பெரியகுளத்திலிருந்து பொங்கல், தீபாவளிக்கு வந்து போகும் செலவு சிதம்பரத்துப் பிள்ளைக்கு இல்லை.

ஒரு தாளில் கல்லூரிக்கு ஒரு பத்தி போட்டு, 8 செமஸ்டருக்கும் எழுதிக் கூட்டுங்கள். முதல் செமஸ்டர் பீஸை எட்டால் பெருக்கினால் கணக்கு தப்பும். சேரும்போது மட்டும் வாங்கும் ஒருமுறைக் கட்டணங்கள் அதில் கலந்திருக்கும்.

நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்கிறவர்கள் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். "பில்டிங் பண்ட்", "டெவலப்மென்ட்" என்று என்ன பெயரில் வந்தாலும் சரி. ரசீது இல்லாத பணம் கல்விக் கடன் கணக்கிலும் வராது, இடையில் விலகினால் திரும்பியும் வராது. நிலத்தை விற்று நிலத்தைப் பற்றிப் படிக்க வைக்கிற முட்டாள்தனத்தை ஒரு உறவுக்காரர் வீட்டில் பார்த்தேன். அரை ஏக்கர் முந்திரித் தோப்பு போனது. பிள்ளை படித்து வந்தபோது கற்றதைச் செய்துபார்க்க நிலம் இல்லை.

உதவித்தொகை, கடன் எல்லாம் கிடைக்குமா?

கிடைக்கும். கேட்டு வாங்க வேண்டும்.

6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2021இல் வந்தது. வேளாண் படிப்புகளும் அதில் சேர்த்தி. இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். என்னைக் கேட்டால், நம் மாவட்டத்து ஏழைப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கதவு வேறில்லை. நடுவில் ஒரு வருஷம் மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டு இந்த உரிமையை இழந்த குடும்பங்களும் உண்டு. தம்பி தங்கைகள் இருக்கும் வீட்டில் இதை மனதில் வையுங்கள்.

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் வாங்கினால் கவுன்சலிங் இடத்துக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய். தொகை சின்னது என்று நினைக்காதீர்கள், மெஸ் பில்லில் கால் பங்கு.

கடன் என்றால், 4 லட்சம் வரை வங்கிகள் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் ஓராண்டுக்கும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. கல்லூரிக்குத் தரச்சான்று இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று. கடன் மனு போடும் அன்றே இந்த மானியத்தையும் கேளுங்கள். மேனேஜர் தானாகச் சொல்வார் என்று காத்திருந்தால் கிடைக்காது.

தமிழ் வழியில் படிக்க முடியுமா?

கோவையில் 2021 முதல் வேளாண்மை, தோட்டக்கலை இரண்டுக்கும் தமிழ்வழி இளநிலைப் பட்டம் தொடங்கினார்கள். மற்ற இடங்களில் ஆங்கிலம்தான். அதற்காகப் பயப்படத் தேவையில்லை. முதல் செமஸ்டர் தடுமாறும், அப்புறம் சரியாகிவிடும். எனக்கும் அப்படித்தான்.

பெண் பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒத்துவருமா?

திருச்சியில் பெண்களுக்கென்றே தனிக் கல்லூரி வைத்திருக்கும்போது இந்தக் கேள்வியே வரக்கூடாது. பலா, முந்திரித் தோப்புகளில் பாதி வேலை யார் செய்கிறார்கள் என்று ஒரு நாள் நின்று பாருங்கள்.

வெளிமாநிலத்தில் படிக்கலாமா? தேசிய ஒதுக்கீடு என்றால் என்ன?

மாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் ஒரு பகுதி இடங்களை ஐ.சி.ஏ.ஆர். அகில இந்திய அளவில் நிரப்புகிறது. அதற்கு க்யூட் எனும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சொந்த மாநிலத்துக்கு வெளியே இந்த வழியாகச் சேரும் இளநிலை மாணவர்களுக்குத் தேசியத் திறன் உதவித்தொகையாக மாதம் 3,000 ரூபாய் தருகிறார்கள்.

தோட்டக்கலைக்கென்றே தனிப் பல்கலைக்கழகங்கள் வெளியே இருக்கின்றன. கர்நாடகத்தில் பாகல்கோட், ஆந்திரத்தில் வெங்கடராமன்னகூடம், இமாசலத்தில் சோலன். சோலனில் சேர்ந்தால் ஆப்பிள் படிக்கலாம். ஆனால் திரும்பி வந்து பண்ருட்டியில் ஆப்பிள் நட முடியாது. ஆராய்ச்சி, அகில இந்திய வேலை என்று போகிறவர்களுக்கு இது அருமையான வழி. ஊரோடு இருந்து தொழில் செய்யப் போகிறவர்கள் நம் மண், நம் மழை உள்ள இடத்தில் படிப்பதே நல்லது. புதுச்சேரிப் பிள்ளைகள் மட்டும் க்யூட்டைக் கட்டாயம் எழுதிவிடுங்கள். உங்களுக்கு வேறு அரசு வாசல்கள் குறைவு. பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

மார்க் குறைவு. டிப்ளமோ படிக்கலாமா?

தாராளமாக. வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் அதன் இணைப்புக் கல்வி நிலையங்களிலும் தோட்டக்கலை டிப்ளமோ இருக்கிறது. தோட்டக்கலைத் துறையில் உதவித் தோட்டக்கலை அலுவலர் பதவிக்கு இந்த டிப்ளமோதான் நேர்வழித் தகுதி. ஒரு தனியார் நிர்வாக ஒதுக்கீட்டுப் பட்டத்துக்கும் அரசு டிப்ளமோவுக்கும் நடுவில் நின்று திணறுகிற குடும்பங்களுக்கு, வருமானத்தைப் பொறுத்து, டிப்ளமோவைத்தான் சொல்வேன். பலருக்கு இது பிடிப்பதில்லை. கல்யாணப் பத்திரிகையில் பி.எஸ்சி. என்று போட வேண்டுமாம்.

அதுவும் வேண்டாம், கைத்தொழில் மட்டும் போதும் என்றால், விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம், புதுச்சேரி குரும்பாப்பேட்டில் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இரண்டிலும் பயிற்சிகள் நடக்கும். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் சான்றிதழ்ப் படிப்புகளும் உண்டு.

படித்து முடித்தால் வேலை?

அரசில் தோட்டக்கலை அலுவலர் பதவிக்கு இந்தப் பட்டம். தேர்வாணையம் ஆளெடுப்பு அறிவிக்கும்போதுதான். ஆண்டுதோறும் வரும் என்று நம்பி உட்காரக்கூடாது. பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வுக்கும் தோட்டக்கலைப் பட்டதாரிகள் எழுதலாம். நம் பிள்ளைகள் இதை ஏனோ கவனிப்பதில்லை.

தனியாரில் காய்கறி விதை நிறுவனங்கள், சொட்டுநீர்க் கம்பெனிகள், ஓசூர்ப் பக்கம் ரோஜாப் பசுமைக் குடில்கள், மலைத்தோட்டங்கள். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது. புதுச்சேரியில் கடற்கரை ரிசார்ட்டுகள், ஆரோவில் சுற்றுவட்டாரம் என்று தோட்டம் அமைத்துப் பராமரிக்கும் வேலைக்கு ஆள் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கும் ஊர், பூங்காவின் அருமை தெரிந்த ஊர்தானே.

சொந்தத் தொழில் என்றால், 2002 முதல் மத்திய அரசின் வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டம் இருக்கிறது. 45 நாள் இலவசப் பயிற்சி, தனிநபருக்கு 20 லட்சம் வரையிலான திட்டத்துக்கு 36 விழுக்காடு மானியம், பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 44 விழுக்காடு. பட்டதாரிக்குக் கிடைக்கும் உருப்படியான திட்டங்களில் இதுவும் ஒன்று.

புயலடித்தால் எல்லாம் போய்விடும் ஊரில் இதைப் படித்து என்ன பயன்?

கேட்டவர் 2011 டிசம்பர் 30ஐ மறக்காதவர். தானே புயல் கரையைக் கடந்த அந்தக் காலையில் முப்பது, நாற்பது வருஷப் பலா மரங்கள் வேரோடு கிடந்தன. முந்திரித் தோப்பில் வானம் தெரிந்தது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஆனால் அடுத்த ஆண்டுகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கன்று தேவைப்பட்டது. விதைக்கன்று நட்டால் காய்ப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும், ரகமும் உறுதியில்லை. ஒட்டுச்செடி சீக்கிரம் காய்க்கும். நல்ல தாய்மரத்தை அடையாளம் காணவும், கிளையைக் கவாத்து செய்து மரத்தைக் குட்டையாக வளர்க்கவும், காற்றுத் தடுப்பு வரிசை நடவும் தெரிந்த ஆட்கள் அப்போது போதவில்லை. என் நர்சரியே அந்தத் தட்டுப்பாட்டில் பிறந்ததுதான்.

நிலம் இல்லாத வீட்டுப் பிள்ளை படிக்கலாமா?

படிக்கலாம். நர்சரிக்கு முப்பது சென்ட் குத்தகை போதும்.

கவுன்சலிங்குக்கு முன்பு உங்கள் நர்சரிக்கு வந்து பார்க்கலாமா?

வாருங்கள். காலை ஏழு மணிக்குள் வந்தால் ஒட்டுக் கட்டுவதைப் பார்க்கலாம், வெயில் ஏறினால் நிறுத்திவிடுவோம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், அப்பா மட்டும் வந்து பிரயோஜனமில்லை. கத்தி நான் தருகிறேன். முதல் நாள் விரலை அறுத்துக்கொள்ளாத ஆள் இதுவரை வரவில்லை என்பதால் பிளாஸ்திரியும் வாங்கி வைத்திருக்கிறேன்.